கோட்டுக்கு உள்ளே, கோட்டுக்கு வெளியே: இங்கிலாந்தின் பசுமை வளையச் சண்டை

இங்கிலாந்தின் சிற்றூர்களில் வேலிக் கம்பங்களிலும் ஜன்னல் கண்ணாடிகளிலும் 'எங்கள் கிரீன் பெல்ட்டைக் காப்பாற்றுவோம்' என்ற அட்டைகளைப் பார்ப்பது சர்வ சாதாரணம். பக்கத்திலேயே ஒரு விளக்குக் கம்பத்தில், மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலின் அறிவிப்பும் கட்டியிருக்கும்: இன்ன வயலில் இத்தனை வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, கருத்துச் சொல்ல 21 நாள் அவகாசம். அந்த நாட்டு உள்ளூர் அரசியலில் பாதி இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில்தான் நடக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, நாலு வீடு கட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும். எதிர்க்கிறவர்களுக்கே கூட, தாங்கள் காப்பாற்ற நினைப்பதும் சட்டம் காப்பாற்றுவதும் வேறு வேறு என்பது பல சமயம் தெரிவதில்லை. அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வளையம் என்றால் என்ன?

கிரீன் பெல்ட்டைப் பசுமை வளையம் என்று வைத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டதும் மனம் காட்டுக்கும் பூங்காவுக்கும் போய்விடும். ஆனால் நிலத்தின் அழகையோ வளத்தையோ பார்த்து வரைந்தது இல்லை இது. ஒரு நகரம் எதுவரை பரவலாம் என்று வரைபடத்தில் போட்ட ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே நகரைச் சுற்றிக் காலியாக விட்டுவைக்க வேண்டிய நிலம்.

அதனால் வளையத்துக்குள் எல்லாமும் இருக்கும். பெரும்பகுதி விவசாய நிலம். அப்புறம் குதிரை மேயும் புல்வெளி, கோல்ஃப் மைதானம், கழிவுநீர் நிலையம், நெடுஞ்சாலை ஓரம், மூடிப்போன குவாரி. பெரும்பாலும் தனியார் சொத்து. பொது நடைபாதை இருந்தால்தான் ஊர்க்காரர் உள்ளே காலடி வைக்க முடியும். அழகான மலைகளையும் அரிய உயிரினங்களையும் காப்பாற்றத் தேசியப் பூங்கா போன்ற வேறு ஏற்பாடுகள் அங்கே உண்டு. பசுமை வளையம் கேட்பது ஒன்றைத்தான்: கட்டடம் எழாமல் வெளி வெளியாகவே இருக்க வேண்டும், அதுவும் நிரந்தரமாக.

இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இப்படி ஒதுக்கப்பட்டது. சுமார் 16 லட்சம் ஹெக்டேர். லண்டனைச் சுற்றியுள்ள வளையம் மட்டும் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல், அதாவது லண்டன் மாநகரைப் போல மூன்று மடங்கு. பர்மிங்ஹாம், மான்செஸ்டர், பிரிஸ்டல், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், யார்க் போன்ற நகரங்களுக்கும் வளையம் உண்டு. லெஸ்டருக்கும் ஹல்லுக்கும் கிடையாது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் விதிகள் தனி. அவற்றை இங்கே தொடவில்லை.

யார் போட்ட கோடு?

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் லண்டனின் கட்டடப் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. ரயில் போன இடமெல்லாம் வயல்கள் வீட்டுமனைகளாயின. இன்று தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஹாரோ, வெம்ப்ளி, இல்ஃபோர்டு பகுதிகளில் தெருத் தெருவாக நிற்கும் 'செமி' வீடுகளில் மிகப் பல அந்தக் காலத்தவை: முன்னால் புடைத்து நிற்கும் ஜன்னல், பின்னால் நீளத் தோட்டம், பக்கத்து வீட்டோடு ஒரே பொதுச் சுவர். அந்த வீடுகள் பரவிய வேகத்தைப் பார்த்துப் பயந்துதான் பசுமை வளையமே வந்தது. சித்தப்பா வாங்கிய வீடும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் எதிர்த்த வீடாக இருந்திருக்கலாம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1926-ல் கிராமப்புறத்தைக் காக்க ஓர் அமைப்பு தொடங்கியது. சிபிஆர்இ என்ற பெயரில் இன்றும் இந்தச் சண்டைகளில் முன்வரிசையில் நிற்பது அதுதான். 1938-ல் லண்டனுக்கும் சுற்றியுள்ள கவுண்டிகளுக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு பசுமை வளையச் சட்டம் வந்தது. கவுன்சில்கள் நிலத்தை வாங்கிக் காலியாக வைத்திருக்க அது வழிசெய்தது. ஆனால் எவ்வளவு நிலத்தைத்தான் காசு கொடுத்து வாங்குவது? 1944-ல் பேட்ரிக் ஏபர்குரோம்பி தயாரித்த பெருலண்டன் திட்டம் முழு வளையத்தையும் வரைந்து காட்டியது. அதைச் சாத்தியமாக்கியது 1947-ன் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம்.

இந்த 1947 சட்டத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. அதற்கு முன்பு, நிலம் உன்னுடையது என்றால் பெரும்பாலும் உன் இஷ்டத்துக்குக் கட்டலாம். அந்தச் சட்டத்துக்குப் பிறகு நிலம் உன்னுடையதாகவே இருக்கும், அதில் கட்டும் உரிமை மட்டும் அரசின் கையில். பெரும்பாலான கட்டுமானங்களுக்கு 'பிளானிங் பெர்மிஷன்' வாங்கியாக வேண்டும். கட்டாதே என்று சொல்ல நிலத்தை விலைக்கு வாங்க வேண்டிய தேவையே போய்விட்டது. 1955-ல் வீட்டுவசதி அமைச்சர் டங்கன் சாண்டிஸ் ஒரு சுற்றறிக்கை விட்டு, மற்ற நகரங்களும் வளையம் வரைந்துகொள்ளலாம் என்றார். கவுன்சில்கள் பேனாவோடு காத்திருந்தன போலும். வளையங்கள் மளமளவென்று வந்தன.

இன்னொரு விளைவும் உண்டு. அனுமதி இல்லாத விவசாய நிலம் ஹெக்டேர் இருபது, இருபத்தைந்தாயிரம் பவுண்டு போகும். அதே நிலத்துக்கு வீடு கட்ட அனுமதி கிடைத்தால், தென்கிழக்கில் பல இடங்களில் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டிவிடும். ஒரு மண்வெட்டி மண்ணைக்கூடப் புரட்டாமல், ஒரு தாளில் விழும் கையெழுத்தால் வரும் லாபம் இது. கட்டுமான நிறுவனங்கள் வளையத்துக்குள் இருக்கும் விவசாயிகளிடம் 'அனுமதி கிடைத்தால் எங்களுக்கே விற்க வேண்டும்' என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து வருடம் பொறுமையாகக் காத்திருப்பது இதனால்தான்.

ஸ்டீவனேஜில் நடந்தது

நகரைச் சுற்றி வேலி போட்டுவிட்டால் உள்ளே இடம் போதாதவர்கள் எங்கே போவார்கள்? அன்றைய பதில், வளையத்துக்கு அப்பால் புத்தம் புது நகரங்கள். 1946-ல் அதற்கும் சட்டம் வந்தது, முதலில் கைவைத்த ஊர் ஸ்டீவனேஜ். சுமார் 6,000 பேர் வாழ்ந்த ஊரை 60,000 பேர் வாழும் நகரமாக்குவது திட்டம். அமைச்சர் லூயிஸ் சில்கின் அந்த மே மாதம் நேரில் வந்து கூட்டத்தில் விளக்கினார். கூச்சல். அவர் வெளியே வந்தபோது கார் டயரில் காற்று இல்லை, பெட்ரோல் டேங்கில் மணல். ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையை யாரோ 'சில்கின்கிராட்' என்று மாற்றி எழுதியிருந்தார்கள். ரஷ்யாவில் ஸ்டாலின் பெயரில் ஊர் இருந்ததைக் குத்திக்காட்டும் கிண்டல். ஊர்க்காரர்கள் வழக்கும் போட்டார்கள். முதல் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள், 1947-ல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையிலும் தோற்றார்கள். நகரம் எழுந்தது.

கட்டுமான எதிர்ப்பு இன்றைய வீட்டுச் சொந்தக்காரர்களின் புதுச் சுயநலம் என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கதை. எதிர்ப்பு, திட்டமிடல் சட்டத்துக்குக் கூடப் பிறந்த தம்பி.

ஐந்து நோக்கங்கள், இரண்டு கதவுகள்

அரசின் தேசியத் திட்டமிடல் கொள்கை பசுமை வளையத்துக்கு ஐந்து நோக்கங்களைச் சொல்கிறது. பெரிய நகரங்கள் கட்டுப்பாடில்லாமல் பரவுவதைத் தடுப்பது. அடுத்தடுத்த நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் பார்ப்பது. கிராமப்புறத்துக்குள் கட்டடங்கள் ஊடுருவாமல் காப்பது. வரலாற்றுச் சிறப்புள்ள நகரங்களின் சூழலைக் காப்பது. வெளியே இடம் இல்லை என்று ஆக்கி, நகருக்குள் பாழடைந்து கிடக்கும் நிலத்தை மறுபடி பயன்படுத்த வைப்பது. பட்டாம்பூச்சி, காற்று, நடைப்பயிற்சி எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. எதிர்ப்புக் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவது அவைதான்.

வளையத்துக்குள் வீடு வர இரண்டு வழிகள். ஒன்று, நிலம் வளையத்துக்குள்ளேயே இருக்க, கட்டுகிறவர் தனி அனுமதி கேட்பது. இதற்குப் பொதுவாக 'மிக விசேஷமான சூழ்நிலை' இருப்பதாகக் காட்ட வேண்டும், கடினம். மற்றது, கவுன்சில் தன் லோக்கல் பிளானை, அதாவது அடுத்த பதினைந்து வருடத்துக்கு எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தை, புதுப்பிக்கும்போது கோட்டையே நகர்த்திவிடுவது. இதற்கும் 'விதிவிலக்கான சூழ்நிலை' வேண்டும் என்றாலும், வீட்டுத் தேவையே போதிய காரணம் ஆகலாம். கோடு நகர்ந்த பிறகு அந்த வயல் பசுமை வளையமே இல்லை. முதல் கதவை ஊரே திரண்டு பூட்டுகிறது. இரண்டாவது கதவு அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான பக்க ஆவணங்களுக்கு நடுவே திறக்கிறது.

சர்ரே கவுண்டியில் உள்ள விஸ்லி விமானத்தளத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த தளம். பக்கத்துத் தொழிற்சாலையின் விமானங்கள் பறந்து பார்க்கப்பட்ட இடம். 1970-களில் மூடியாயிற்று. சுற்றிலும் வயல், நடுவே நீண்ட கான்கிரீட் ஓடுதளம், அதன் வெடிப்புகளில் புல். ஏ3 சாலை பக்கத்தில் ஓடுகிறது. புகழ்பெற்ற விஸ்லி தோட்டம் அருகில்தான். இங்கே 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டக் கேட்டார்கள். கில்ட்ஃபோர்டு கவுன்சில் மறுத்தது. விஷயம் மேலே போய், 2018 ஜூனில் அமைச்சரே மறுத்தார். பசுமை வளையத்துக்குக் கேடு என்பது முக்கியக் காரணம். சுற்றுவட்டார ஊர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

அடுத்த வருடம் ஏப்ரலில் அதே கவுன்சில் புது லோக்கல் பிளானை நிறைவேற்றியது. அதில் விஸ்லி தளம் வளையத்திலிருந்து எடுக்கப்பட்டு, வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கான்கிரீட் மாறவில்லை, புல் மாறவில்லை, ஏ3-ல் நெரிசலும் மாறவில்லை. கோடு மாறிவிட்டது. சில நாட்களில் நடந்த கவுன்சில் தேர்தலில், ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேட்டிவ் கட்சி 48 இடங்களில் 9-ஐ மட்டும் பிடித்தது. பசுமை வளையத்தைக் காக்கவே தொடங்கிய உள்ளூர் அமைப்புகளின் ஆட்கள் கவுன்சிலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் நிறைவேறிவிட்ட திட்டத்தை அவ்வளவு லேசாகத் திரும்பப் பெற முடியாது. ஊர் அளவிலான சிறு நிர்வாகங்களான பாரிஷ் கவுன்சில்கள் உயர் நீதிமன்றம் போயின. டிசம்பரில் வழக்கு தள்ளுபடி. 2024-ல் சுமார் 1,730 வீடுகளுக்கு மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது. தேர்தலில் ஜெயித்தவர்களும் நிலத்தில் தோற்றார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் வேறு விதமான சிக்கல். நகரின் எல்லையை வளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. உள்ளே இடம் இல்லை. நகரத்தின் தேவையில் ஒரு பங்கைப் பக்கத்துக் கவுன்சில்கள் சுமக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செர்வெல் கவுன்சில் 2020-ல் கிட்லிங்டன், யார்ன்டன், பெக்ப்ரோக் ஊர்களைச் சுற்றி 4,400 வீடுகளுக்கு வளையத்திலிருந்து நிலம் விடுவித்தது. ஒரு கோல்ஃப் மைதானமும் அதில் போயிற்று. 'ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களுக்கு வீடு வேண்டும் என்றால் எங்கள் ஊர் ஏன் காணாமல் போக வேண்டும்?' என்று கேட்டார்கள் அங்குள்ளவர்கள். நியாயமான கேள்விதான். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில் வேலை செய்து, தினமும் பேருந்தில் ஒரு மணி நேரம் வந்து போகும் நர்ஸின் கேள்வியும் அதே அளவு நியாயம்.

ஏன் எதிர்க்கிறார்கள்?

'நிம்பி' என்று ஒரு வசவுச்சொல் அங்கே உண்டு: என் கொல்லைப்புறத்தில் மட்டும் வேண்டாம் என்கிற ஆள். 1980-களில் அமைச்சராக இருந்த நிக்கலஸ் ரிட்லி அதைப் பரப்பினார். பிறகு அவரே தன் கிராமத்து வீட்டருகே வரவிருந்த வீடுகளை எதிர்த்தது தெரியவந்து, நாடே சிரித்தது. அந்தச் சொல்லால் எல்லோரையும் மூடிவிடுவது சுலபம். எதிர்ப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பல சரக்கு கிடைக்கும்.

முதலில் அன்றாட வசதி. ஜிபி என்கிற குடும்ப டாக்டரைப் பார்க்கவே இரண்டு வாரம் ஆகிறது, பள்ளியில் இடம் இல்லை, காலை எட்டரைக்கு ஊரின் ஒற்றைச் சாலை அசையாமல் நிற்கிறது. இதில் இன்னும் 400 வீடுகளா என்கிறார்கள். பெரிய திட்டங்களில் கட்டுமான நிறுவனம் பள்ளிக்கும் சாலைக்கும் பணம் தர வேண்டும் என்று கவுன்சில் ஒப்பந்தம் போடும். 1990-ம் வருடச் சட்டத்தின் 106-ம் பிரிவு. ஆனால் வீடுகள் முதலில் வரும், பள்ளி பிறகு. கிளினிக் கட்டப் பணம் வாங்கிவிடலாம். அதில் உட்கார டாக்டரை யார் கொண்டுவருவது?

அடுத்தது நம்பிக்கையின்மை. 'நூற்றுக்கு நாற்பது வீடு கட்டுப்படியாகும் விலையில் தருவோம்' என்று அனுமதி வாங்குவார்கள். அப்புறம் செலவு ஏறிவிட்டது, இந்தக் கணக்குக் கட்டாது என்று ஓர் ஆய்வறிக்கையை நீட்டி அந்த எண்ணிக்கையைக் குறைக்கப் பேரம் பேசுவார்கள். ஒருமுறை இதைப் பார்த்த ஊர் அடுத்த முறை எந்த வாக்குறுதியையும் நம்பாது. எதிர்ப்பில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இதுதான். ஊர்க்காரர்களைக் குறை சொல்லும் பத்திரிகைகள் இதைக் கண்டுகொள்வதில்லை.

பிறகு வெள்ளம். மழை நீரைக் குடிக்கும் வயல் மீது தார் போட்டால் தண்ணீர் கீழ்த்தெருவுக்கு வரும் என்ற பயம், ஏற்கெனவே கீழ்த்தெருவில் சாக்கடை பொங்கும் ஊர்களில் பொய்ப்பயம் கிடையாது. இவற்றோடு, யாரும் மேடையில் சொல்லாத இன்னொன்றும் சேரும்: வீட்டின் விலை. பின்ஜன்னலைத் திறந்தால் வயல் தெரியும் என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவர், அங்கே செங்கல் சுவர் எழுவதை எப்படி ரசிப்பார்? ஊர் முகமே மாறிவிடும், யார் யாரோ வருவார்கள் என்ற பேச்சும் தணிந்த குரலில் வரும். அது எங்கே போய் முடியும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தின் காதில் எது ஏறும் என்பது வேறு. கண்ணுக்குத் தெரியும் காட்சி போகிறது, வீட்டு விலை குறையும் என்பவற்றை அதிகாரிகள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். போக்குவரத்து, வெள்ளம், பாதுகாக்கப்பட்ட உயிரினம், பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல், பழம்பெரும் கட்டடத்துக்குப் பாதிப்பு ஆகியவை எடுபடும். அனுபவமுள்ள எதிர்ப்புக் குழுக்கள் அதனால் மனதில் இருப்பதை விட்டுவிட்டு, எடுபடுவதை எழுதுகின்றன. ஊருக்கு வயல் போகிற வருத்தம்; கடிதத்திலோ சந்திப்பு விளக்கில் எத்தனை கார் தேங்கும் என்ற கணக்கு. வௌவாலும், பார்க்கப் பல்லி போலிருக்கும் தவளை வகை உயிரான நியூட்டும் திடீரென்று ஊருக்கே செல்லப்பிராணிகள் ஆவது இப்படித்தான்.

சண்டை எப்படி நடக்கும்?

விண்ணப்பம் வந்ததும் ஆட்சேபக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் குவியும். கவுன்சில் அதிகாரி அறிக்கை எழுதுவார். பெரிய திட்டமானால் கவுன்சிலர்கள் அடங்கிய குழு முடிவெடுக்கும். அந்த மாலை நகர மண்டபத்தில் இடம் கிடைக்காது. எதிர்ப்பவர் சார்பில் ஒருவர் பேசலாம், பெரும்பாலும் மூன்றே நிமிடம். மணியடித்தால் வாக்கியம் பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். கைதட்டலுக்கு நடுவே குழு அனுமதியை மறுக்கும், ஊர் கொண்டாடும்.

நிறுவனம் மேல்முறையீடு செய்யும். இப்போது முடிவெடுப்பவர் மத்திய அரசின் திட்டமிடல் துறையிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர்; போலீஸ்காரர் இல்லை, நீதிபதி மாதிரி விசாரிப்பவர். அவருக்கு ஓட்டுக் கவலை கிடையாது. ஐந்து வருடத்துக்குத் தேவையான வீட்டு நிலத்தைக் கவுன்சில் ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்; இல்லையென்றால் தராசு கட்டுகிறவர் பக்கம் சாயும். சரியான காரணமின்றி மறுத்திருந்தால் நிறுவனத்தின் வழக்குச் செலவையும் கவுன்சில் தலையில் கட்டலாம். மறுக்க மனமிருந்தும் கவுன்சிலர்கள் கையை உயர்த்தத் தயங்குவதற்கு இந்தச் செலவுப் பயமும் ஒரு காரணம். அதற்கும் மேல் நீதிமன்றம் போகலாம், ஆறு வாரத்துக்குள். ஆனால் அங்கே 'இது நல்ல முடிவா' என்று பார்க்க மாட்டார்கள். முறைப்படி எடுத்த முடிவா என்று மட்டுமே பார்ப்பார்கள்.

ஓட்டுப் பெட்டியும் 'சாம்பல்' நிலமும்

சட்டத்தில் அடிக்கடி தோற்கிற எதிர்ப்பு, அரசியலில் பல தடவை ஜெயித்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் போரிஸ் ஜான்சன் அரசு திட்டமிடல் முறையையே மாற்றி, கட்டுவதைச் சுலபமாக்கப் பார்த்தது. 2021 ஜூனில் செஷம் அன்ட் அமர்ஷம் தொகுதியில் இடைத்தேர்தல். லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் மலைப்பகுதி. தொகுதி உருவான 1974 முதல் கன்சர்வேட்டிவ் கோட்டை. முந்தைய தேர்தலில் 16,000-க்கும் மேல் வித்தியாசம். அங்கே லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் சாரா கிரீன் 8,028 ஓட்டில் ஜெயித்தார். எச்எஸ்2 என்ற அதிவேக ரயில் பாதை மீதான கோபமும் சேர்ந்திருந்தது என்றாலும், வீட்டுத் திட்டச் சீர்திருத்தமே வீழ்த்தியது என்று கட்சிக்காரர்கள் அலறினார்கள். செப்டம்பரில் துறை அமைச்சர் மாறினார், சீர்திருத்தம் கிடப்பில் போனது. 2022 கடைசியில் சொந்தக் கட்சி எம்பிக்களின் நெருக்கடிக்குப் பணிந்து, கவுன்சில்களுக்கான வீட்டு இலக்குகள் வெறும் ஆலோசனை ஆக்கப்பட்டன.

2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி எதிர்த் திசையில் திருப்பியது. ஐந்து வருடத்தில் 15 லட்சம் வீடு, இலக்குகள் மறுபடியும் கட்டாயம். அந்த டிசம்பரில் வந்த புதிய கொள்கையில் 'கிரே பெல்ட்' என்ற புது வகை நுழைந்தது. சாம்பல் வளையம் என்று சொல்லலாம். இந்த வகை நிலத்தில், சில நிபந்தனைகளோடு, 'மிக விசேஷமான சூழ்நிலை' காட்டாமலேயே வீடு கட்ட அனுமதி வாங்கலாம். அப்போதைய வீட்டுவசதி அமைச்சர் ஆஞ்சலா ரேனர் இதை விளக்கும்போது லண்டன் டோட்டன்ஹாமில் பூட்டிக் கிடக்கும் பெட்ரோல் பங்க்கை உதாரணம் காட்டினார்: அதுவும் பசுமை வளையமாம், அங்கே வீடு கட்டக் கூடாதாம். கேட்டவர் யாரும் மறுக்க முடியாத உதாரணம்.

ஆனால் விதியைப் படித்தால் அது பெட்ரோல் பங்க்கோடு நிற்கவில்லை. ஏற்கெனவே கட்டிய நிலம் மட்டுமின்றி, மேலே சொன்ன ஐந்து நோக்கங்களில் மூன்றுக்கு வலுவாகப் பயன்படாத எந்த நிலமும் சாம்பல் ஆகலாம்: நகரப் பரவல், நகரங்கள் ஒட்டுவது, வரலாற்று நகரின் சூழல். கிராமப்புற ஊடுருவல் என்ற நோக்கம் இந்தச் சோதனையில் இல்லவே இல்லை. 2025-ல் வந்த விளக்கக் குறிப்பு இன்னும் ஒரு படி போய், நகரங்கள் என்றால் நகரங்கள்தான், கிராமங்களை அதில் சேர்க்கக் கூடாது என்றது. ஆக, 'எங்கள் கிராமமும் பக்கத்துக் கிராமமும் ஒன்றாகிவிடும்' என்ற காலங்காலமான வாதம், ஒரு நிலம் சாம்பலா இல்லையா என்று பார்க்கும் இடத்தில் செல்லாது. பச்சைப் பசேலென்று கோதுமை நிற்கும் வயலும் சாம்பல் நிலம் ஆகலாம். அரசு இதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். பெட்ரோல் பங்க்கைக் காட்டிவிட்டு வயலை எடுப்பது நாணயமான விளக்கம் என்று எனக்குப் படவில்லை.

பதிலுக்குச் சில நிபந்தனைகளும் உண்டு. இப்படி விடுவிக்கும் நிலத்தில் பெரிய திட்டம் போட்டால், அந்தக் கவுன்சில் வழக்கமாகக் கேட்பதைவிட நூற்றுக்கு 15 வீடு கூடுதலாகக் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும், உச்சவரம்பு 50. பொதுமக்கள் நுழையக்கூடிய பசும்பரப்பும் வசதிகளும் வேண்டும். தனியார் வயலாக இருந்தபோது யாரும் கால் வைக்க முடியாத இடத்தில், வீடு வந்த பிறகு பூங்கா வரலாம் என்பது இதில் ஒரு வேடிக்கை.

மறுபக்கத்துக் கணக்கு

1997-ல் இங்கிலாந்தில் ஒரு சராசரி வீட்டின் விலை, சராசரி ஆண்டுச் சம்பளத்தைப் போல மூன்றரை மடங்கு. இப்போது எட்டு மடங்கை ஒட்டி நிற்கிறது. லண்டனில் இன்னும் மேலே. முப்பது வயதில் நண்பர்களோடு அறையைப் பகிர்ந்து வாடகை கட்டுகிறவருக்கு வயலைப் பற்றிய கவிதை காதில் ஏறாது. லண்டனுக்குள் இடம் கிடைக்காத குடும்பங்கள் வளையத்தைத் தாண்டிக் குடியேறி, தினமும் அதே வளையத்தின் ஊடாக ரயிலிலும் காரிலும் லண்டனுக்கு வந்து போகிறார்கள். பரவல் நிற்கவில்லை, ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் போய்விட்டது.

எதிர்ப்பவர்களின் பதில்: முதலில் நகருக்குள் பாழாய்க் கிடக்கும் தொழிற்சாலை நிலங்களில் கட்டுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் 12 லட்சம் வீட்டுக்கு மேல் கட்டலாம் என்று சிபிஆர்இ கணக்குக் காட்டுகிறது. வாதம் வலுவானது, ஆனால் முழுமையானது இல்லை. அந்த நிலங்கள் பலவற்றில் மண்ணைச் சுத்தம் செய்யவே பெரும்பணம் வேண்டும். அவை இருக்கும் ஊரும் வீட்டுத் தேவை முற்றியிருக்கும் ஊரும் பல நேரம் வேறு வேறு. அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான் அங்கே பெரும்பாலும் எழும். இரண்டு குழந்தைகளோடு தோட்டம் வைத்த வீடு தேடுகிறவருக்கு அவை தீர்வாகா. என்னைக் கேட்டால், வளையத்தைப் புனிதமாக்குவதும் தப்பு, அடையாளம் காட்டாமல் கரைப்பதும் தப்பு. எந்த வயல் எதற்காகக் காலியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசலாம். அப்படிப் பேசுகிற லோக்கல் பிளான் கூட்டங்களுக்குத்தான் யாரும் வருவதில்லை.

உங்கள் தெருக்கோடியில் அறிவிப்பு கட்டியிருந்தால்

முதலில் அதில் உள்ள விண்ணப்ப எண்ணைக் கவுன்சில் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். வரைபடம், போக்குவரத்து அறிக்கை, வெள்ள அறிக்கை எல்லாம் அங்கே இருக்கும். நிலம் இன்னும் வளையத்துக்குள்தான் இருக்கிறதா, லோக்கல் பிளான் ஏற்கெனவே விடுவித்துவிட்டதா என்பதைத் திட்ட வரைபடத்தில் சரிபாருங்கள். விடுவித்திருந்தால் 'வளையத்தைக் காப்போம்' என்று எழுதுவது வீண். எத்தனை வீடு, எங்கே நுழைவு, பள்ளி எப்போது என்று கேட்பதில்தான் இனி பலன். உள்ளே இருந்தால், அது சாம்பல் நிலம் என்று விண்ணப்பம் சொல்கிறதா, ஏன் என்று பாருங்கள். கவுன்சிலிடம் ஐந்து வருட நிலம் கையிருப்பு உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, தெருவில் நீங்கள் பார்த்ததைச் சொந்த வார்த்தையில் எழுதும் பத்துக் கடிதம் மேல்: எந்த மழையில் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கியது, பள்ளி விடும் நேரத்தில் கார் எங்கே நிற்கிறது. எழுதுவது பொதுப் பார்வைக்குப் போகும், பெரும்பாலும் உங்கள் பெயரோடு. பக்கத்து வீட்டுக்காரரும் படிப்பார் என்று நினைத்தே எழுதுங்கள். திட்டம் நல்லது என்று தோன்றினால் ஆதரித்தும் எழுதலாம். அதற்கும் அதே படிவம்தான்.